கற்பூரத் தட்டைப் பிடித்தவள்

எண்ணினது சரிதான் சார். இருபத்தோரு வீட்டுலதான் லைட்டு எரியுது. காயிதத்துல இருபத்திரண்டுன்னு இருக்கும். அதுல கையெழுத்துப் போட்டதும் நாந்தான். தங்கபுஷ்பம்னு முழுப் பேரும் எழுதியிருப்பேன், பாருங்க. இந்தக் குடியிருப்புப் பொம்பளையள்ல எட்டாப்பு முடிச்சவ நான் ஒருத்திதான். அதனாலதான் பேட்டரி ரூம் சாவிய எங்கிட்ட குடுத்தாவ.

கொறையிற வீடு எதுன்னா கேக்கீய? சொல்லுதேன். இப்படிப் படியில உக்காருங்க. கூட்டம் அஞ்சு மணிக்குத்தான. ஆளுவ உப்பளத்துலேருந்து வந்து மேலு கழுவிட்டு வர நேரமிருக்கு. அந்தக் கம்ப்யூட்டர மூட வேண்டாம், தொறந்தே இருக்கட்டும். ரூமுக்குள்ள மெஷின்லேருந்து ஒயர் மாட்டி அதுல என்னமோ ஏத்துனீயளே, அதுல எல்லாம் வந்துரும்லா? எந்த நாளு, எந்த நேரம், எவன் வீட்டுல எவ்வளவு இழுத்தான்னு. போன தடவ வந்த தம்பி சொன்னான், இது எதையும் மறக்காதுக்கான்னு. அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

அது சொல்லும் முன்ன நான் சொல்லிருதேன் சார். மெஷின் வாயால வந்தா மொட்டையா வரும். மனுசி வாயால வந்தாத்தான் காரணமும் சேர்ந்து வரும்.

எங்க எடம் எப்படின்னு ஒங்களுக்கே தெரியும். சுத்தி உப்பளம், நடுவுல நாங்க. பட்டா கெடையாது. பட்டா இல்லேன்னா கரண்டு கம்பமும் கெடையாது. நான் கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருசம், அம்புட்டு வருசமும் மண்ணெண்ண வெளக்குதான். ஒங்க டிரஸ்டுலேருந்து வந்து இந்தச் சமுதாயக் கூடத்து மேல சோலார் தகடு மாட்டி, வீட்டுக்கு ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு, போனு சார்ஜ் ஏத்த ஒரு பிளக்குன்னு குடுத்தீய. போன கார்த்திகையில. அன்னைக்கு இந்தப் படியில நின்னு, செவுத்துல எழுதியிருக்கே, அந்தச் சட்டத்த எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினது யாரு? நாந்தான். மிக்சி, கிரைண்டரு, இஸ்திரிப்பெட்டி, ஹீட்டரு கூடவே கூடாது. ஒரு வீட்டுல கூட இழுத்தா இருபத்திரண்டு வீடும் அணைஞ்சிரும். ரெண்டு தடவ வாசிச்சேன், கெழடு கட்டைக்கெல்லாம் வெளங்கட்டும்னு.

ஜெபக்கனி வீடுதான் சார் அது. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு. ரெண்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. ஒத்தக்கல் செவுரு, இந்தப் பக்கம் இருமினா அந்தப் பக்கம் தண்ணி குடுக்கலாம். அவ முன்ன பேச்சிக்கனி. வேதத்துக்குப் போயி ஞானஸ்நானம் வாங்கினபொறவு ஜெபக்கனின்னு ஆயிட்டா. எனக்குப் பத்து வயசு எளையவ. நல்ல பிள்ளை. அவ நல்ல பிள்ளை இல்லேன்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல. அத எழுதிக்கிடுங்க.

அவ வீட்டுக்காரன் சாமுவேலு, உப்பு மூட்டை ஏத்தும்போது லாரியிலேருந்து விழுந்து இடுப்பு போயிட்டு. ரெண்டு வருசமா படுக்கை. இவ அளத்துக்கும் போகணும், அவனையும் பாக்கணும்னா முடியுமா? அதனால வீட்டுலயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடத்து யூனிஃபாரம் தைக்கா. ஆஸ்பெட்டாஸ் கூரை. சித்திரை வெயில்ல உள்ள ரொட்டி சுடலாம். ஒங்க ஃபேனு வந்த அன்னைக்கு அவன் கண்ணுலேருந்து தண்ணி வந்துச்சு சார், நான் பாத்தேன். படுத்த மேனிக்கு ஃபேனையே பாத்துக்கிட்டு கெடந்தான்.

இனி மிக்சிக் கதைக்கு வாரேன். வந்துதான ஆகணும்.

அரசாங்கம் முன்ன இலவசமா மிக்சி குடுத்துச்சுலா, இங்க எல்லா வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. பெட்டியே பிரிக்கல. கரண்டு இல்லாத ஊருக்கு மிக்சி குடுத்தா என்ன செய்ய? மச்சுல கெடந்துச்சு. சில பேரு பெட்டிய மட்டும் எடுத்து துணி வச்சிருந்தாவ. நானும் அதத் தொடணும்னு நெனைக்கல. என் கையப் பாருங்க சார். பாருங்க, கூச்சப்படாதீய. இருபத்தெட்டு வருசம் அளத்துல உப்பு வாருன கை. வெடிச்ச எடத்துல உப்புத் தண்ணி, உப்புத் தண்ணி பட்ட எடத்துல மறுபடி வெடிப்பு. இந்தக் கையோட அம்மியில மொளகா அரைச்சுப் பாத்திருக்கீயளா? ராத்திரி முழுக்கக் கைய ஊதிக்கிட்டே கெடக்கணும்.

ஆமா. எல்லாப் பொம்பளையளுக்கும் அதே கைதான். நான் இல்லேங்கல.

மாசி மாசம் ஒரு நாளு, சாளை மீனு வாங்கினேன். மீன்காரி வாரதே ஆறு மணிக்கு. அன்னைக்குக் கை ரொம்ப மோசம். மச்சுலேருந்து மிக்சிய எறக்கினேன். ஒரு தடவ, ஒரே ஒரு நிமிசம்னு மாட்டினேன். பிள்ளைய தெருவுல கத்துத சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காதுன்னு பட்டுச்சு. கேக்கவும் இல்ல. ஆனா அர நிமிசத்துல குடியிருப்பே அணைஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. மிக்சியச் சாக்குக்குள்ள திணிச்சிட்டு, சாவிய எடுத்துக்கிட்டு ஓடினேன். ரூமத் தொறந்து, அந்தத் தம்பி சொல்லிக்குடுத்த மாதிரி ஆஃப் பண்ணி, நூறு எண்ணி, ஆன் பண்ணினேன். எல்லா வீடும் எரிஞ்சுது. எல்லாரும் என்ன சொன்னாவ தெரியுமா? புஷ்பம் இருக்கக்கொண்டு நமக்குக் கவலையில்லன்னு சொன்னாவ. ஒரு கெழவி என் கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சா.

மறுநா மத்தியானம் ஒருத்தரும் இல்லாத நேரம் போடக்கூடாதான்னு கேப்பீய. மீனு சாயங்காலம்தான வருது. அதுவும் போக, பகல்ல சத்தம் நல்லாக் கேக்கும்.

மூணு தடவ ஆச்சு. மூணாவது தடவ வரைக்கும் பேட்டரிதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, அப்படி நெனைக்க எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. நாலாவது தடவ தெரிஞ்சேதான் போட்டேன் சார். என் வீட்டுக்காரரு அளத்து லாரியில லோடுமேனு, வாரத்துல நாலு நாளு வெளியதான். வீட்டுக்கு வந்த அன்னைக்குத் தின்னுட்டு, என்ன புஷ்பம், கொழம்பு கல்யாண வீட்டு ருசியா இருக்குன்னாரு. எப்படின்னு அவரும் கேக்கல. தின்ன வாயி சும்மாத்தான இருக்கும்.

அப்படி அடிக்கடி அணையவும் ஒங்க இஞ்சினியருக்குப் போனு போட்டேன். போடாம இருந்தா எம்மேல சந்தேகம் வரும்லா. அவரு, ஒரு வீட்டுல யாரோ கூட இழுக்காவ, கண்டுபிடிங்கன்னு சொன்னாரு. நான் போயி அதச் சங்கத் தலைவரு அய்யாத்துரை அண்ணாச்சிட்ட அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. யாரோ கூட இழுக்காவளாம் அண்ணாச்சின்னேன். அவரு, ஏ புஷ்பம், ஒனக்கு யாரு மேலயாவது சம்சயம் இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். எனக்கு யாரு மேலயும் சம்சயம் இல்லதான.

நீ போட்டியான்னு அவரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல.

வீடு வீடாத் தேடினாவ. எல்லா வீட்டுலயும் மிக்சி மச்சுலதான் இருந்துச்சு, என் வீட்டுலயும் மச்சுலதான் இருந்துச்சு. கழுவித் தொடைச்சு வச்சிருந்தேன். ஜெபக்கனி வீட்டுல கட்டிலுக்கு அடியில ஒரு மோட்டாரு கெடந்துச்சு. தையல் மெஷின்ல மாட்டுத மோட்டாரு, பழசு. எந்தங்கச்சி குடுத்தது, நான் இன்னும் மாட்டவே இல்ல, காலாலதான் மிதிக்கேன்னு சொன்னா. ஒயரு முனை பிரிக்காம டேப்பு சுத்தியே இருந்துச்சு. நான் பாத்தேன். மத்தவிய மோட்டாரப் பாத்தாவ, டேப்ப யாரும் பாக்கல.

எங்க குடியிருப்புல ஒரு வழக்கம் உண்டு சார். ஆடு காணாமப் போனாலோ, அண்டா காணாமப் போனாலோ, முத்தாரம்மன் கோயில்ல வச்சுக் கற்பூரம் அணைக்கணும். வீட்டுக்கு ஒரு ஆளு. எரியித கற்பூரத்து மேல உள்ளங்கைய வச்சு, நான் செய்யல தாயேன்னு அணைச்சிட்டா தீந்துச்சு. அதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்கக்கூடாது. பொய் சொல்லி அணைச்சவன் வெளங்கினதில்ல. ஒருத்தன் ஆட்ட அறுத்துத் தின்னுட்டு அணைச்சான், ஆறு மாசத்துல பாம்பு கடிச்சு செத்தான். அதனால பயம் உண்டு.

பங்குனிச் செவ்வாக்கெழமைன்னு வச்சாவ. எனக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துட்டு. பொய்யில்ல, மேலு கொதிச்சுது. விடிஞ்சா தட்டு முன்ன போயி நிக்கணும். சொல்லிருவோமான்னு இருந்துச்சு. சொல்லியும் இருப்பேன்.

என்ன நடந்துச்சுன்னா, வழக்கமா தட்டு பிடிக்கிறது பூசாரி. ஆனா பூசாரி வீட்டுக்கும் கனெக்சன் இருக்கு, அவனும் அணைக்கணும். அப்ப தட்ட யாரு பிடிக்கிறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அய்யாத்துரை அண்ணாச்சி திரும்பிப் பாத்தாரு. புஷ்பம், நீ பிடி, நீ சாவிக்காரிலா, ஒன்னயவா சந்தேகப்படப் போறோம்னாரு. தட்ட என் கையில குடுத்துட்டாவ.

தட்டப் பிடிக்கிறவ எப்படி சார் அணைக்க முடியும்? ரெண்டு கையும் தட்டுல இருக்கு.

ஒவ்வொருத்தரா வந்தாவ. எட்டுக் கட்டி, பத்துக் கட்டின்னு கற்பூரம் வச்சுக்கிட்டே இருந்தேன். அணைச்சு அணைச்சு என் முகத்தப் பாத்தாவ. நான் துண்ணூறு குடுத்தேன். இருபது பேரு அணைச்சாச்சு. என் வீட்டுக்கு யாருன்னு பூசாரி கேட்டான், எங்க வீட்டு ஆளு லோடுக்குப் போயிருந்தாரு. தட்டப் பிடிச்சவளே அம்மனுக்குக் கை குடுத்தவதான, அவளுக்கு என்ன தனியான்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. எல்லாரும் ஆமான்னாவ. மிச்சம் ஜெபக்கனி ஒருத்தி.

அவ வந்தா. கோயிலுக்கு வெளிய, அந்த வேப்ப மரத்துப் பக்கம் நின்னா. கிட்ட வரல. யக்கா, அண்ணாச்சி, நான் சத்தியம் பண்ணமாட்டேன், எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாதுன்னு இருக்கு, ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல, அம்புட்டுத்தான், நான் இழுக்கலன்னா. இங்கன வேண்டாம்னா ஒங்க சர்ச்சுல வச்சுப் பண்ணுன்னாவ. அங்கயும் கூடாதுன்னா. அப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க கூட்டத்துலேருந்து. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்னு ஒருத்தி. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு சொன்ன கதைதான்னு இன்னொருத்தி. வேதத்துக்குப் போனதே கற்பூரத்துக்குப் பயந்துதான்னு ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சிரிச்சாவ.

அவ ஒரு தடவ என்னயப் பாத்தா. கோவமா இல்ல. நீயாவது சொல்லேன்னு பாக்குத மாதிரியும் இல்ல. சும்மா பாத்தா. தட்டுல கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, யாரும் அணைக்காம அதுவா அணைஞ்சுது.

லைன வெட்டணும்னு முடிவாச்சு. வெட்டினது யாருன்னு கேக்கீயளா? சாவிக்காரிதான வெட்டணும். கட்டிங் பிளேயர எடுத்துக்கிட்டுப் போனேன். அவ வீட்டு வாசலுக்கு மேலதான் ஒயரு. ஸ்டூலு போட்டு ஏறினேன். தரை மணலு, ஸ்டூலு ஆடுச்சு. அவ வெளிய வந்து ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டா சார். விழுந்துராதீயக்கா, மெதுவான்னா. நான் வெட்டுத வரைக்கும் பிடிச்சிருந்தா. உள்ள ஃபேனு சுத்தி சுத்தி நின்னுச்சு. சாமுவேலு உள்ளேருந்து, என்னட்டி கரண்டு போயிட்டான்னு கேட்டான். ஆமாங்கன்னா. அம்புட்டுத்தான் சொன்னா அவனுக்கு.

நான் வீட்டுக்கு வந்து அந்த மிக்சியத் தூக்கி மச்சுல மூலையில போட்டேன். இனி இதத் தொடமாட்டேன்னு மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சேன். தொடவும் இல்ல. இது எனக்கு நல்ல புத்திதான சார்? ஆனா அந்த நல்ல புத்தியே அவளுக்கு எமனா வந்துச்சு. நான் நிப்பாட்டவும் கரண்டு அணையிறது நின்னுட்டு. பத்து நாளு, இருவது நாளு அணையவே இல்ல. பாத்தீயளா, அவ வீட்ட வெட்டினதும் நின்னுட்டு, அப்ப அவதான்னு ஊரே சொல்லுச்சு. அவளா இருக்குமான்னு சந்தேகப்பட்டவியளும் நம்பிட்டாவ. அவ தெருக் கொழாய்க்கு வந்தா, பிள்ளைய பின்னால நின்னு டக்குன்னு நாக்க மடக்கி சுவிச்சு சத்தம் போடும். நான் வெரட்டி விடுவேன். என்னால ஆனது அதான்.

ஒரு நாளு அவ வீட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாத்தேன். சித்திரை மாசம். ஒரு பழைய சேலைய நாலா மடிச்சு, குச்சி வச்சுக் கூரையில தொங்க விட்டிருந்தா, சாமுவேலு கட்டிலுக்கு மேல. அதுலேருந்து ஒரு கயிறு, தையல் மெஷின் மிதிகட்டையில கட்டியிருந்தா. இவ மிதிக்க மிதிக்கச் சேலை ஆடும், அவனுக்குக் காத்து. தச்சு முடிஞ்சா காத்தும் நின்னுரும். அதனால தைக்கத் துணி இல்லாத நேரமும் சும்மா மிதிச்சுக்கிட்டே இருக்கா சார். ஊசியில நூலு இல்ல, மிதிக்கா.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலன்னு சொன்னா நம்புவீயளா? எறங்கல. ஆனா ராத்திரி தூங்கிட்டேன். அதையும் சொல்லணும்லா, ஃபேனு இருந்துச்சு.

வைகாசியில கை ரொம்ப ஆகாமப் போச்சு. சீழ் வச்சிட்டு. ஒரே ஒரு தடவன்னு மிக்சிய எறக்கினேன். சுவிச்சப் போட்டேன். ஓடுச்சு. கண்ண மூடிக்கிட்டு நின்னேன், இப்ப அணையும் இப்ப அணையும்னு. அணையல. முழுசா அரைச்சு முடிச்சேன். லைட்டு துளி மங்கல. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அம்மன் மன்னிச்சிட்டான்னு தோணுச்சு. கோயில்ல போயி ஒரு தேங்கா ஒடைச்சேன்.

அந்தச் சந்தோசத்துல மீன் கொழம்பு வச்சு, ஜெபக்கனிக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அதுக்கு முன்னயும் அடிக்கடி குடுப்பேன் சார், மொருங்கக்கீரை, கருவாடுன்னு. அவ வாங்கி, வெரல்ல தொட்டு நாக்குல வச்சா. மசாலா நல்லா நைசா அரைஞ்சிருக்குக்கான்னா. அப்பறம் ரொம்பச் சாதாரணமாக் கேட்டா.

"இப்ப அணையிறதில்லையாக்கா?"

செவுரு ஒத்தக்கல்லுன்னு சொன்னேம்லா. மொத நாளுலேருந்தே அவளுக்குக் கேட்டிருக்கு. மாசியில நான் போட்ட நாலு தடவையும் கேட்டிருக்கு. வேப்ப மரத்தடியில நின்னு என்னயப் பாத்தாளே, அப்பவும் தெரியும். ஸ்டூலப் பிடிச்சப்பவும் தெரியும். அவ கேட்ட பொறவுதான் எனக்கு இன்னொண்ணும் வெளங்குச்சு சார். அம்மனும் மன்னிக்கல, ஒருத்தரும் மன்னிக்கல. அவ வீட்டு ரெண்டு லைட்டும் ஒரு ஃபேனும் கொறஞ்சுதுலா? அந்தக் கொறஞ்ச எடத்துல என் மிக்சி ஓடுது. சாமுவேலுக்குச் சுத்த வேண்டிய ஃபேனு என் மசாலாவ அரைக்குது.

ஏட்டி, தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லான்னு கேட்டேன். கேக்கும்போது எனக்குக் கோவம்கூட வந்துச்சு பாருங்க, என்னமோ அவ தப்புப் பண்ணின மாதிரி. அவ சொன்னா, நான் சொன்னா ஒங்க சாவி போயிரும், சாவிக்காரியே தப்புன்னா டிரஸ்டுகாரவிய எல்லாத்தையும் கழத்திட்டு வேற ஊருக்குக் கொண்டுபோயிருவாவன்னு பேசிக்கிட்டாவ, இருபத்தோரு வீட்டுலயும் பிள்ளைய இருக்குலாக்கான்னா. அப்பறம், நீங்களே சொல்லுவீயன்னு நெனச்சேன்னா.

கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். அவ கேக்காமலே சொல்லுவேன்னு நெனச்சிருக்கா. மூணு மாசமா.

மறுநா ஒரு வேலை பண்ணினேன். எல்லாரும் அளத்துல இருக்குத நேரம், பாதியில வந்து, ஸ்டூலு போட்டு, வெட்டின ஒயர நானே முறுக்கி டேப்பு சுத்திட்டேன். உள்ள ஃபேனு சுத்துத சத்தம் கேட்டுச்சு. அவ வெளிய வந்தா. இந்தத் தடவ ஸ்டூலப் பிடிக்கல. அவுத்துருங்கக்கான்னா. யாருக்கும் தெரியாதுட்டி, நான் பாத்துக்கிடுதேன், அந்த மனுசனுக்காகவாவது வச்சுக்கோன்னு கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன் சார், எளையவள. அவ சொன்னா, திருட்டுக் கரண்டு எனக்கு வேண்டாம், இப்ப போட்டா மெய்யாவே நான் திருடி ஆயிருவேன், கூட்டத்துல எடுத்தத கூட்டத்துல குடுங்கக்கான்னு சொன்னா. உள்ளேருந்து சாமுவேலு, கரண்டு வந்துட்டுட்டி, கரண்டு வந்துட்டுன்னு சொல்லுதான். அவன் சொல்லச் சொல்ல நான் அந்த ஒயர அவுத்தேன். என் கையால ரெண்டாவது தடவ.

அதான் சார் கதை. இருபத்தோரு வீடு ஏன்னு நீங்க கேட்ட கேள்விக்குப் பதிலு இதான்.

நானும் சொல்லத்தான் நெனைக்கேன். ஆனா நான் வாயத் தொறந்தா நீங்க எல்லாத்தையும் கழத்திக்கிட்டுப் போயிருவீயளே. என் ஒருத்தியால இருபத்தோரு வீடு இருட்டாப் போகணுமா? அந்தப் பாவம் வேறயா? அதனாலதான் பல்லக் கடிச்சுக்கிட்டு...

என்ன? கழத்த மாட்டீயளா? அப்படிச் சட்டமே கெடையாதா? சாவி மட்டும்தான் கை மாறுமா?

சரியாத் தெரியுமா சார் ஒங்களுக்கு? காயிதத்துல எங்க இருக்கு, காட்டுங்க. நாந்தான் வாசிச்சேன் அன்னைக்கு... ஆமா. சாவிய வேற ஆளுக்குக் குடுக்கலாம்னுதான் இருக்கு. நான் இத்தனை நாளும் வேற மாதிரி வாசிச்சிருக்கேன் போல. ஊருக்குள்ள அப்படி ஒரு பேச்சு வந்தப்ப, அப்படித்தான்னு சொன்னதும் நாந்தான்.

போகட்டும். எப்படியும் ஒங்க கம்ப்யூட்டருல வந்திருக்கும். அதக் கூட்டத்துல நீங்களே காட்டிருங்க. இந்த வீட்டுல, இந்த நேரத்துல, இம்புட்டு இழுத்திருக்குன்னு நீங்க வாசிச்சிருங்க, நான் தலையக் குனிஞ்சு நின்னுக்கிடுதேன். அது போதும்லா? அதுலயும் உண்மை வெளிய வந்துரும்லா?

காட்டாதா?

எந்த வீடுன்னு காட்டாதா? மொத்தமா எவ்வளவுன்னு மட்டும்தான் காட்டுமா?

அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னது...

ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொல்லலேன்னா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன் சார்.

நீங்க என்ன சொல்லுதீய? ஒங்க வேலை மெஷினப் பாக்கதுதான், ஊரு விவகாரத்துல தலையிட மாட்டேங்கீயளா? சரிதான். நீங்க நல்லவரு. அறிக்கையில ஒயரு பழுதுன்னு எழுதினாலும் எழுதுவீய, ஒரு வீட்டுக்குப் புது ஒயரு போட உத்தரவும் வாங்கிக் குடுப்பீய. அவளும் வேண்டாம்னு சொல்ல முடியாது, ஆபீசுலேருந்து வந்ததுன்னா. ஃபேனு சுத்தும். சாவியும் எங்கிட்டயே இருக்கும். நெனச்சுப் பாத்தா ஒருத்தருக்கும் நட்டமில்ல. ஊரு மட்டும் அவளத் திருடின்னே சொல்லிக்கிட்டுக் கெடக்கும். அவ பிள்ளைகுட்டி இல்லாதவ, சொன்னாச் சொல்லிட்டுப் போறாவன்னு...

இல்ல சார். இப்படித்தான் எனக்கு எல்லாம் ஆரம்பிக்கும்.

ஆளுவ வந்துட்டாவ. அந்தா, தோள்ல துண்டு போட்டு வாராருலா, அவருதான் அய்யாத்துரை அண்ணாச்சி. ஒங்களுக்கு மால வாங்கி வச்சிருக்காவ, கழுத்த நீட்டிருங்க. பின்னால, அந்த ஓரமா வந்து உக்காருதா பாருங்க, நீலச் சேலை. அவதான் ஜெபக்கனி. பங்குனிக்குப் பொறவு எந்தக் கூட்டத்துக்கும் வரல. இன்னைக்கு நீங்க எல்லா வீட்டு ஆளும் வரணும்னு சொல்லி அனுப்பினதுனால வந்திருக்கா. ஒருத்தியும் நகர்ந்து எடம் குடுக்கல பாருங்க, நின்னுட்டுத்தான் உக்காந்தா.

சார், ஒரு உபகாரம். மொதல்ல நீங்க பேசாதீய. நீங்க பேசினா இந்தக் குடியிருப்ப நல்லாப் பாத்துக்கிட்டது தங்கபுஷ்பம்னு வழக்கமா ஒரு வார்த்தை சொல்லுவீய, எல்லாரும் கைதட்டுவாவ. அந்தக் கைதட்டு காதுல விழுந்தபொறவு எனக்கு வாயி வராது. என்னய எனக்குத் தெரியும். நான் மொதல்ல பேசிருதேன்.